கத்தியைப் பிடுங்கிய எழுபது பேர்

‘நீலிக்கண்ணீர்’ என்று ஊரே சொல்கிறது. அந்த நீலி எங்க ஊர்ப் பக்கம். திருத்தணிக்குப் போகிறவர்கள் வழியில் திருவாலங்காட்டில் இறங்கி, ரத்தினசபையைப் பார்த்து, காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்த ஊர் என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பக்கத்திலேயே பழையனூர் இருக்கிறது. அதுவரை வருகிறவர்கள் குறைவு. நீலி கதை நடந்தது அங்கேதான்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எங்க ஆயா எனக்குச் சொன்னது இப்படி. போன பிறவியில் பெண்டாட்டியைக் கொன்றவன் இந்தப் பிறவியில் செட்டியாகப் பிறக்கிறான். செத்தவள் பேயாக அலைகிறாள். செட்டியிடம் ஒரு கத்தி இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை பேய் அண்டாது. அவள் அவன் பெண்டாட்டி உருவத்தில், ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வரைக்கும் துரத்தி வருகிறாள். ஊர்ச்சபையில் எழுபது வேளாளர்கள். ‘இவ என் பெண்டாட்டியே இல்ல, பேய்’ என்கிறான் அவன். அவள் அழுகிறாள். குழந்தையைக் கீழே விட்டால் நேராக அவனிடம் போய் ‘அப்பா’ என்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். ‘அவன் கையில கத்தி இருக்கு, ராத்திரி என்னைக் குத்திடுவான்’ என்று அவள் மறுபடியும் அழ, கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ‘உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க எழுபது பேர் உயிர் பிணை’ என்று செட்டிக்கு வாக்கும் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் செட்டி செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வழக்கமாக இந்தக் கதை எழுபது பேருடைய வாக்குத் தவறாமைக்காகச் சொல்லப்படுகிறது. இப்போது எழுதுகிறவர்கள் நீலியின் பக்கம் நிற்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, கொல்லப்பட்டவள் அவள்தானே. எனக்கு இரண்டு பக்கமும் சண்டை இல்லை. நான் பார்ப்பது அந்தக் கத்தியை. பன்னிரண்டு வருஷமாக சர்வர் கிளஸ்டர்களைக் கட்டிப் பிழைக்கிறவன் நான். இந்தத் தொழிலில் தினமும் யாரோ ஒருவர் அந்தக் கத்தியைப் பிடுங்கி வைக்கிறார். ஒரு முறை பிடுங்கியது நான்.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். முக்கியமான எந்த வேலையையும் ஒரே சர்வரை நம்பி விடமாட்டார்கள். இரண்டு வைப்பார்கள். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று காத்திருக்கும். ‘இருக்கியா?’ ‘இருக்கேன்’ என்று இரண்டும் விநாடிக்குப் பல தடவை பேசிக்கொண்டே இருக்கும். வேலை செய்கிறது விழுந்தால் காத்திருக்கிறது எழுந்து அந்த இடத்தைப் பிடிக்கும். இதற்குப் பெயர் ஃபெயில்ஓவர். இந்த ஏற்பாடு மொத்தத்துக்கும் பெயர் ஹை அவைலபிலிட்டி. விற்பனைப் பிரிவின் படங்களில் இது ரொம்ப அழகாக இருக்கும். பச்சை வட்டம் சிவப்பாகும், பக்கத்து வட்டம் பச்சையாகும்.

ஆனால் விழுந்துவிட்டது என்று யார் சொன்னது? காத்திருக்கிற சர்வருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பதில் வரவில்லை. அந்தப் பக்கம் செத்திருக்கலாம். உறைந்துபோய் அரை நிமிஷத்தில் முழித்துக்கொள்ளப் போவதாகவும் இருக்கலாம். உயிரோடு, கண்ணும் கருத்துமாக வேலை செய்துகொண்டிருக்க, நடுவில் இருக்கிற வயர் மட்டும் போயிருக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மௌனத்தை மட்டும் வைத்து மரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்கத்தான் முடியாது, சாகடிக்க முடியும். ஃபென்சிங் என்பது அதுதான். பதில் வரவில்லையா? முதலில் அந்த சர்வரின் மின்சாரத்தை வேறொரு வழியாகப் போய் நிறுத்து. நின்றுவிட்டது என்ற தகவல் வரட்டும். அதற்கப்புறம் அதன் இடத்தை எடுத்துக்கொள். தகவல் வரவில்லையா? கையைக் கட்டிக்கொண்டு காத்திரு. லினக்ஸ் உலகில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர். ‘ஷூட் தி அதர் நோடு இன் தி ஹெட்’ என்பதன் சுருக்கம். அடுத்தவன் தலையில் சுடு. இந்தத் தொழிலில் நேர்மையாக வைக்கப்பட்ட பெயர்கள் ரொம்பக் கம்மி. அதில் இது ஒன்று.

சுடாமல் இடத்தைப் பிடித்தால், ‘நான்தான் முதல்’ என்று நம்புகிற இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கும். ஸ்பிளிட் பிரெய்ன் என்பார்கள். ஒரே பெண்டாட்டி உருவத்தில் இரண்டு பேர். இரண்டிடமும் சான்று இருக்கும். இரண்டின் இடுப்பிலும் ‘அப்பா’ என்று கூப்பிடுகிற குழந்தை இருக்கும்.

பேஸ்மேக்கர் என்கிற கிளஸ்டர் மென்பொருளை எழுதியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஃபென்சிங் அமைக்காமல் அதை ஓட்டிப் பாருங்கள், எந்தச் சேவையையும் தொடங்காமல் மறுத்துவிடும். ரெட் ஹாட் நிறுவனம் ஃபென்சிங் இல்லாத கிளஸ்டருக்கு ஆதரவே தராது. நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? ‘ஸ்டார்ட் ஆகலையே’ என்று தேடுவார்கள். முதலில் கிடைக்கிற செய்முறை ஒரு வரி தரும்: ஸ்டோனித்-எனேபிள்ட் ஈக்வல் ஃபால்ஸ். அடித்த உடனே எல்லாம் பச்சையாகிவிடும். அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது வரி ஒன்றும் இருக்கும்: பெரும்பான்மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஓடு. கத்தியைப் பிடுங்கியாயிற்று, சபையையும் கலைத்தாயிற்று. இதற்கு மேல் அந்த அமைப்பை ஹை அவைலபிலிட்டி என்று அழைப்பது பொய். ஒரே சர்வர் வைத்திருக்கிறவன் இவர்களைவிடப் பாதுகாப்பாக இருக்கிறான். அவனுடைய சர்வர் விழுந்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான். கணக்கு இரண்டாகப் பிரியாது.

இதெல்லாம் இரும்புப் பெட்டி காலத்திலேயே இருந்த தலைவலிதான். வி.எம். வந்த பிறகு அது வேறு உருவம் எடுத்தது. பழைய சர்வருக்குள் ஐ.பி.எம்.ஐ. வழியாகப் பேசுகிற தனியான ஒரு சின்னச் சில்லு இருக்கும், தனி நெட்வொர்க் வயரோடு. சர்வர் உறைந்தாலும் அந்தச் சில்லு முழித்திருக்கும். ‘ஆஃப் பண்ணு’ என்றால் பண்ணும். கத்தி இடுப்பிலேயே இருந்தது. வி.எம்.முக்கு உடம்பு கிடையாது. அதன் பவர் பட்டன் அதற்குக் கீழே ஓடுகிற ஹைப்பர்வைசரில் இருக்கிறது. ஹைப்பர்வைசரை ஆள்வது விசென்டர். விசென்டரை ஆள்வது இன்னொரு டீம். உங்கள் கத்தி பக்கத்து டிபார்ட்மென்ட் அலமாரியில் பூட்டி இருக்கிறது.

உறக்கம் வேறு. வி.எம்.மைப் படம் எடுத்துப் பேக்கப் செய்யும்போதும், ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் அது சில கணங்கள் உறைகிறது. ஸ்டோரேஜ் மந்தமாக இருந்தால் அது பல விநாடிகளாகவும் நீளும். முழிக்கும்போது அதற்கு நேரம் போனதே தெரியாது. பாதியில் விட்ட வாக்கியத்தை அப்படியே முடிக்கும். இதற்கு மாற்றாகச் சிலர் சாஃப்ட்டாக் என்கிற காவல்நாயை வி.எம்.முக்குள்ளேயே கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எஜமான் உறைந்தால் அந்த நாயும் கூடவே உறையும் என்பதை யோசிப்பதில்லை.

இனி என் கதை. மருந்து மொத்த விநியோகம் செய்கிற ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். இரண்டு வி.எம்.கள், இரண்டிலும் போஸ்ட்கிரெஸ், ஒன்றில் எழுதுவது இன்னொன்றுக்கு நகலாகும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஐ.பி. முகவரி. யார் முதலோ அவரிடம் அது இருக்கும். ஃபென்சிங்குக்கு விசென்டரில் ஒரு கணக்கு கேட்டேன். இந்த இரண்டு வி.எம்.களை மட்டும், ஆன், ஆஃப் மட்டும் செய்கிற உரிமை. அப்படி அளந்து கொடுக்க விசென்டரிலேயே வசதி இருக்கிறது. ‘லினக்ஸ் டீமுக்கு வி.எம்.மை ஆஃப் பண்ற பவரா? செக்யூரிட்டில ஒத்துக்க மாட்டாங்க சார்’ என்றார்கள். மூன்று மாதம் மெயில் போனது, வந்தது. தொடக்க விழா தேதி குறித்தாயிற்று. அந்த ஒரு வரியை அடித்தேன். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் எழுதினேன். அந்தத் தற்காலிகம் பதினாலு மாதம் நீடித்தது.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு, ஹோஸ்டுகளின் பாரத்தைச் சமன்படுத்தும் தானியங்கி ஏற்பாடு காத்திருந்த வி.எம்.மை வேறொரு ஹோஸ்டுக்கு நகர்த்தியது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. வி.எம். உலகில் இது சாதாரணம். புது ஹோஸ்டில் அப்ளிகேஷன் நெட்வொர்க் இருந்தது. ‘இருக்கியா, இருக்கேன்’ போகிற நெட்வொர்க்கை மட்டும் அந்த ஹோஸ்டில் யாரோ இணைக்க மறந்திருந்தார்கள். எந்த சர்வரும் விழவில்லை. எந்த டிஸ்கும் போகவில்லை. பேச்சு மட்டும் நின்றது. காத்திருந்தது எழுந்து, ‘அவன் செத்துட்டான், இனி நான்’ என்று பொது முகவரியை எடுத்துக்கொண்டது. முதலாமவனும் அதே முகவரியில் உட்கார்ந்திருந்தான். சில அப்ளிகேஷன் சர்வர்கள் அவனிடம் போயின, சில இவனிடம்.

காலையில் ஆறரைக்கு எனக்கு போன் வந்தது. ஊரில்தான் இருந்தேன், கொரோனாவுக்குப் பிறகு பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை. ‘சார், ஒரே பில் நம்பர்ல ரெண்டு பில் வருது.’ ஒரு எண், இரண்டு மருந்துக்கடைகள், இரண்டு வேறு சரக்கு. நாலரை மணி நேரம் இரண்டு உண்மைகள் ஓடியிருந்தன. கிடங்கில் இருக்கிற ஒரே இன்சுலின் பெட்டியை இரண்டு பேருக்கும் விற்றிருந்தது. எந்தத் தரவுத்தளத்தைத் தூக்கிப் போடுவது? எதைப் போட்டாலும் யாரோ ஒருவருடைய உண்மையான ஆர்டர் போகும். கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் பதினொரு நாள் உட்கார்ந்து, டெலிவரி சீட்டுகளை வைத்துக்கொண்டு, கையால் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. ‘ஏதோ சிஸ்டம் ப்ராப்ளம்’ என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சிஸ்டம் ப்ராப்ளம் இல்லை. அந்த வரியை அடித்தது நான்.

அந்த வாரம் சாப்பிடும்போது ஆயாவிடம் இதைப் பாதி சொன்னேன், புரிகிற மாதிரி. நீலி கதையை முதலில் இழுத்தது நானில்லை, ஆயாதான். ‘கத்திய புடுங்கினவங்கள ஊரே கும்புடுதுடா நைனா. கத்திய குடுங்கடான்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?’

இதை எழுதினால் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். ‘விஎம்வேர் ஹெச்.ஏ. இருக்கே, அப்புறம் எதுக்கு இது?’ என்பார்கள். அது ஹோஸ்ட் விழுந்தால் வி.எம்.மை வேறு இடத்தில் எழுப்பும். நல்ல விஷயம். என் கதையில் எந்த ஹோஸ்டும் விழவில்லை, அது எதைப் பார்த்து எழுப்பும்? அந்த ஹெச்.ஏ.கூட கண்ணை மூடிக்கொண்டு எழுப்புவதில்லை. டிஸ்க் கோப்பின் மேல் பூட்டு போட்டு, ஒரே வி.எம். இரண்டு இடத்தில் ஓடாமல் தடுத்துக்கொள்கிறது. கீழே இருக்கிறவன் தன் வீட்டுக்குப் பூட்டு போட்டுக்கொள்கிறான். அதைக் காட்டி மாடியில் இருக்கிற நாம் கதவைக் கழற்றிப் போடுகிறோம்.

‘பெரும்பான்மை போதும், மூணாவதா ஒரு ஓட்டு வச்சா தீர்ந்தது’ என்பது கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. மூன்றாவது ஓட்டு வையுங்கள், கட்டாயம் வையுங்கள். இரண்டே நோடு இருக்கிற இடத்தில் பெரும்பான்மை என்ற வார்த்தைக்கே பொருள் இல்லை. ஆனால் பெரும்பான்மை ஒரு முடிவை எடுக்கும், அவ்வளவுதான். சிறுபான்மையின் கையைப் பிடித்து நிறுத்தாது. உறைந்து கிடக்கிற நோடுக்கு ஓட்டெடுப்பு நடந்ததே தெரியாது. கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று 43 விநாடி ஒரு இணைப்பு போனது. மேற்குக் கரைப் பக்கம் முறைப்படி பெரும்பான்மை சேர்ந்து, முறைப்படி புதிய தலைமையைத் தேர்ந்தெடுத்தது. கிழக்கே எழுதப்பட்டு மேற்கே வந்து சேராத தரவு அங்கேயே நின்றது. 24 மணி 11 நிமிடம் சேவை முடங்கித் தடுமாறியது. அவர்களுடைய நெரிசல் மிகுந்த ஒரு கிளஸ்டரில் அப்படி நின்றுபோன எழுத்துகள் 954. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு 954 பதிவுகளைத் தேடி ஒட்டுவதே வேலையானது. அங்கே நகல் தாமதமாகப் போகிற பிரச்சினையும் சேர்ந்திருந்தது, ஃபென்சிங் மட்டும் இருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ‘பெரும்பான்மை கூடிவிட்டது, எனவே எல்லாம் சரி’ என்பதற்கு மட்டும் இது பதில். பழையனூரில் எழுபது பேர் கூடினார்கள். ஒரு ஓட்டுகூட மாறி விழவில்லை.

மூன்றாவது பதில்தான் உண்மையான பயம்: ‘நல்லா ஓடிட்டிருக்கிற சர்வரைக் கொன்னுட்டா?’ கொல்லும். சில நேரம் அப்படித்தான் நடக்கும். அதே கிட்ஹப்பில் 2012 டிசம்பரில் நெட்வொர்க் சுமார் ஒன்றரை நிமிடம் நின்று திரும்பியபோது, சில கோப்பு சர்வர் ஜோடிகளில் இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு படுத்தன. சிரிப்பாகத்தான் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுடுவதற்கு முன் சில விநாடி தாமதிக்கும்படி வைத்தால் தவிர்க்கலாம், அதற்கு அமைப்பு இருக்கிறது. அதையும் மீறி நல்ல சர்வர் ஒன்று செத்தால் என்ன ஆகும்? மறுபடி எழும், மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தைப் பதினொரு நாளோடு வைத்துப் பாருங்கள். நம் அலுவலகங்களில் மூன்று நிமிஷ நிறுத்தத்துக்கு அறிக்கை கேட்பார்கள், கையெழுத்துப் போட்டவன் யார் என்று கேட்பார்கள். தரவு இரண்டாகப் பிரிந்ததற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. அது தானாக நடந்தது. அதனால் அதில் யாருக்கும் பயமில்லை. கத்தியைப் பிடுங்கும் கலாசாரத்தின் வேர் தொழில்நுட்பத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

இது சின்னக் கம்பெனிகளின் வியாதி என்று நினைத்தால், 2021 பிப்ரவரி 24ஐப் பாருங்கள். தேசியப் பங்குச் சந்தை காலை 11:40க்கு வணிகத்தை நிறுத்தியது. முதன்மைத் தரவு மையத்தையும் அருகிலிருக்கும் மாற்று மையத்தையும் இணைத்த இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின. சாலையோரத் தோண்டலும் கட்டுமான வேலையும் காரணம் என்றார்கள். பேச்சு போனாலும் முதன்மை மையம் தன் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். மாறாக அங்கிருந்த சேமிப்பகமே சர்வர்களுக்கு எட்டாமல் போனது. ஃபெயில்ஓவர் தர்க்கம் தாங்கள் கேட்ட வடிவமைப்பின்படி இல்லை என்று பின்னால் சந்தை விளக்கம் சொன்னது. ரிஸ்க் மேனேஜ்மென்ட் வேலை செய்யாதபோது வணிகத்தை நிறுத்தினார்கள் பாருங்கள், அது சரி. சந்தேகத்தில் எழுதாதே, நிறுத்து. நான் கேட்பதும் அதுதான்.

கேள்வி அதற்கப்புறம் வருகிறது. அவர்களுடைய தொலைதூர மாற்று மையம் நம்ம சென்னையில் இருக்கிறது. இப்படி ஒரு நாளுக்காகவே கட்டிக் காக்கப்படுகிற மையம். அன்றைக்கு வணிகம் சென்னைக்கு வரவில்லை. முதன்மை மையம் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று மதியம் கழிந்தது. மும்பைப் பங்குச் சந்தை மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் பல தரகர்கள் தங்கள் நிலைகளை அங்கே போய் முடித்தார்கள், நஷ்டத்தோடு. 3:45க்கு மறுபடி திறந்து 5 மணி வரை ஓட்டினார்கள். ஏன் மாற்று மையத்துக்கு மாறவில்லை என்று செபி கேட்டது. அடுத்த மாதமே விதியையும் மாற்றியது: முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் வேலை தொடங்க வேண்டும்.

இந்த 30 நிமிட விதியை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியாது. எனக்கு அது ஸ்டோனித்தைச் சட்டமொழியில் எழுதிய மாதிரி இருந்தது. ‘என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சுட்டு முடிவெடுங்க’ என்று அது சொல்லவில்லை. கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் அரை மணியில் அது செத்ததாக அறிவியுங்கள் என்கிறது. 2024 மார்ச் 2 அன்று, சனிக்கிழமை, சிறப்பு வணிகம் வைத்து, நடுவில் முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு உண்மையாகவே மாறி ஓட்டிக் காட்டினார்கள். ஒத்திகை பார்க்காத ஃபெயில்ஓவர் வெறும் வரைபடம்தான் என்று ஒரு நாட்டின் பங்குச் சந்தைக்கே புரிந்திருக்கிறது. நம்ம மேனேஜர்களுக்கு ‘ப்ரொடக்‌ஷன்ல டெஸ்ட் பண்ணலாமா சார்’ என்றால் முகம் வெளிறுகிறது.

மருந்து நிறுவனத்தில் அந்தச் சம்பவத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே விசென்டர் கணக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் முடியாதது நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நானே சுடுகிறேன். அடுத்தது எழுகிறதா என்று பார்க்கிறேன். முதல் தடவை எழவில்லை. பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தது. கத்தி இருந்தது, துருப்பிடித்திருந்தது.

இன்னொரு வாடிக்கையாளரிடம் இதே உரிமையைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இரண்டு வி.எம்., ஆன், ஆஃப் மட்டும். அவர்களுடைய தொடக்க விழா அடுத்த மாதம் 14ஆம் தேதி. அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது. என் விண்ணப்பம் போய் ஏழு வாரம் ஆகிறது. நிலை: பரிசீலனையில். நேற்று அவர்களுடைய ப்ராஜெக்ட் மேனேஜர் போன் செய்தார். குரலில் அவ்வளவு அன்பு. ‘தற்காலிகமா அதை ஃபால்ஸ்ல போட்டுட்டு லைவ் போயிடலாமே சார், அப்புறம் பாத்துக்கலாம்.’ முடியாது என்றேன். ‘எழுத்துல குடுங்க’ என்றார். இதை எழுதுவதற்கு முன்னால் கொடுத்துவிட்டேன்.